தொட்டிச் செடியும் மூடிய சன்னலும்

ஒளூவுக்கு எடுக்கும் நீரின் நிறம், சுவை, மணம் மாறியிருக்கிறதா என்று பார்க்க நமக்குச் சிறுவயதிலேயே கற்றுத் தந்தார்கள். வீட்டுக்குள் இரவெல்லாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றி அப்படி யாரும் கற்றுத் தரவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையின் தூசிக்கும், ஒரகடம் செல்லும் லாரிகளின் புகைக்கும் அஞ்சிப் பகலில் சன்னலை அடைக்கிறோம். மஃரிபுக்குப் பின் கொசுவுக்கு அஞ்சி அடைக்கிறோம். அடைத்த அறைக்குள் கொசுவர்த்திச் சுருளையும் வியாழன் மாலைச் சாம்பிராணியையும் நாமே ஏற்றுகிறோம். பிறகு, காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நம்பி மூலையில் ஒரு மணி பிளாண்ட் வைக்கிறோம்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1989-இல் நாசாவுக்காக வோல்வர்ட்டன் நடத்திய ஆய்வில், சில செடிகள் காற்றிலிருந்த பென்சீன் போன்ற வாயுக்களைக் குறைத்தன. ஆனால் அச்சோதனை நடந்தது காற்றுப் புகாத சிறு பெட்டிகளில். தில்லியில் கமல் மீட்டில் தம் அலுவலகக் கட்டடத்தைச் செடிகளால் நிரப்பியதை 2009-இல் உலகுக்கு எடுத்துரைத்தார். அங்கே 300 பேருக்கு 1,200 செடிகள் இருந்தன என்பதை நாம் மறந்துவிட்டு, ஒரு தொட்டியோடு நிறைவடைந்துவிட்டோம். முந்தைய ஆய்வுகளை எல்லாம் 2019-இல் மறுபரிசீலனை செய்த அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தார், கட்டடத்தில் வழக்கமாக நிகழும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவை என்று கணக்கிட்டனர். அப்படியானால் அந்த அறையில் மனிதர் நிற்க இடமிராது.

உயிரியல் வடிகட்டுதல் என்பதே பொய்யா என்றால், இல்லை. அதில் பெரும்பகுதி வேலையைச் செய்வது இலையன்று. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள். விசிறி வைத்துக் காற்றை வேர்ப்பகுதி வழியே இழுத்தால், அவை சில வாயுக்களை உணவாக்கிச் சிதைக்கின்றன. டொராண்டோவிலுள்ள குவெல்ப்-ஹம்பர் பல்கலைக்கழகக் கட்டடத்தில் நான்கு மாடி உயரச் செடிச்சுவர் இம்முறையில் இயங்குகிறது. நம் நாட்டில் ரோப்பர் ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2021-இல் வெளிவந்த ‘யூபிரீத் லைஃப்’ கருவியும் காற்றை வேருக்கு அனுப்புகிறது. ஆயினும் அதற்குள் ஹெப்பா வடிகட்டியும் கரியும் சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன. நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்துகளைப் பிடிக்க அத்தகைய வடிகட்டி வேண்டும். விசிறியில்லாத தொட்டிச் செடியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஒரு சுருள் எரிந்து முடிகையில் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவு நுண்துகள் வெளியாகிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிள்ளையின் கட்டிலருகே சிகரெட் பிடிக்க விடுவோமா? உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அது தீ விபத்தை முன்னிட்டுச் சொல்லப்பட்டது. ஆனால் இழுப்பு நோயுள்ள பிள்ளை உறங்கும் அறையில் சுருளுக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை என்றே கருதுகிறோம். அந்தப் பிள்ளைக்கு நாம் முதலில் வாங்க வேண்டியது கொசுவலை. சன்னலுக்கு வலையடித்து, சாலையைப் பார்க்காத பக்கத்தையாவது திறந்துவைப்பது அடுத்தது. தாளிக்கும் நேரத்தில் அடுப்பங்கரையின் எக்ஸாஸ்ட் விசிறி ஓடட்டும்.

மணி பிளாண்டை எடுத்தெறியச் சொல்லவில்லை, கண்ணுக்குக் குளிர்ச்சி. மரம் நட்டு அதிலிருந்து மனிதரும் பறவையும் உண்பது தர்மம் என்ற நபிமொழி நமக்கு இருக்கவே இருக்கிறது. சாம்பிராணியையும் விடச் சொல்லவில்லை. சன்னலைத் திறந்துவைத்துப் போடலாம். ஜும்ஆவுக்கு ஊது எரிக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்கள் மக்கள் வருவதற்கு அரை மணி முன்பே அதை முடித்துக் கதவுகளைத் திறந்துவிட்டால், சட்டைப்பையில் இன்ஹேலரோடு வரும் பெரியவர்களும் முன்வரிசையில் அமர்வார்கள், இன்ஷா அல்லாஹ்.