சைக்கிளுக்கும் வரலாறு உண்டு

வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கோயில்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அம்பத்தூரில் வாழும் நமக்குத் தொழிற்சாலையில் பிறந்த வரலாறு ஒன்றும் உண்டு. முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951 முதல் இங்கே ஹெர்குலிஸ் சைக்கிள்களைத் தயாரித்தது.

பெண்கள் ஓட்டும் சைக்கிளைச் சற்று உற்றுப் பாருங்கள். மேலே குறுக்குப் பார் கிடையாது. பாரை எடுத்துவிட்டால் வண்டி பலமிழக்குமே! ஆகவே இரண்டு குழாய்களைச் சாய்வாகக் கீழே இறக்கியிருக்கிறார்கள். செயினுக்கு முழு மூடி. துணி சிக்காதிருக்கப் பின்சக்கரத்தில் வலை. மேல்நாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீண்ட கவுனுக்காகத் தோன்றிய இவ்வடிவம் நம் பாவாடைக்கும் புடவைக்கும் அழகாகப் பொருந்திவிட்டது. பெண் தனியே வெளியில் போவாள் என்று எண்ணியவர்தானே இப்படி வரைந்திருக்க முடியும்?

மன்னனின் வாளைக் கண்ணாடிப் பேழையில் வைக்கிறோம். நம் அன்னையரைப் பள்ளிக்கும் வேலைக்கும் சுமந்த வண்டியையோ பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறோம். இது நியாயமா?

பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகே 2002-இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகளுக்கு இடம் கிடைத்தது. சைக்கிளின் வரைபடங்களுக்கும் அச்சுகளுக்கும் பழைய விளம்பரங்களுக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் அறையாவது வேண்டும். அதுவரை நம் பள்ளிக் கண்காட்சியில் ஒரு மூலை போதும். ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். எந்தப் பாகத்தை எந்த இயந்திரத்தில் செய்தீர்கள் என்று தாத்தாக்களைக் கேட்டு விடுமுறையில் எழுதி வருவோம். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வரலாம். சிஸ்டர் அனுமதி தந்தால்!