அந்த ஷேட் எங்களிடம் இல்லை

போன ஆவணியில் சித்தி மகளுக்குக் கல்யாணம். விடிகாலை மூன்றரை மணிக்கு மேடவாக்கம் கூட்டுரோடு பக்கத்தில் ஒரு மாடி பார்லருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் எல்லாரையும் போல அவளும் நல்ல கறுப்பு. மேக்கப் போடுகிறவர் அவள் முகத்தைப் பார்த்தார், தன் பெட்டியைப் பார்த்தார். "உங்க ஷேட் நம்மகிட்ட இல்லம்மா. ரெண்டு ஷேட் லைட்டா போட்டுடலாம், போட்டோல நல்லா வரும்" என்றார். போட்டும் விட்டார். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி வைத்த கை இன்னொரு நிறம். பிறகு கழுத்தையும் கையையும் முகத்தோடு சேர்க்க முக்கால் மணி நேரம் ஆனது.

பாட்டில்களைத் திறந்து மூடிக் கொடுத்துக்கொண்டிருந்த உதவியாளர் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். மணப்பெண்ணைவிடக் கறுப்பு. நல்ல உயரம். "நீ மாடலிங் பண்ணலாமே" என்றாள் சித்தி மகள், கண்ணை மூடியபடியே. "பண்ணியிருக்கேன்க்கா. டஸ்கி மாடல் வேணும்னு கூப்பிடுவாங்க. காசு கிடையாது, கொலாப்" என்றாள் அந்தப் பெண். கொலாப் என்றால் என்னவென்று இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். போட்டோகிராபருக்குப் படம், மேக்கப் கலைஞருக்கு விளம்பரம், துணிக்கடைக்கு இன்ஸ்டாகிராம் பதிவு. நாள் முழுக்க நின்றவளுக்கு நான்கு போட்டோ.

அந்த மேக்கப் பெட்டி எனக்கு இமானை ஞாபகப்படுத்தியது. சோமாலியாவில் பிறந்த இமான் 1975-இல் மாடலாக நியூயார்க் வந்தார். முதல் படப்பிடிப்பிலேயே மேக்கப் கலைஞர் அவரிடம், உன் நிறத்துக்கான ஃபவுண்டேஷனை நீயே கொண்டுவந்தாயா என்று கேட்டாராம். நாற்பது வருடம் கழித்து, 2015-இல், தெற்கு சூடானில் பிறந்த நைக்கோர் பால் என்ற மாடல் இன்ஸ்டாகிராமில் கொதித்து எழுதியதும் இதையேதான். வெள்ளை மாடல்கள் வெறும் கையோடு வந்து உட்காரும்போது, நான் மட்டும் ஏன் என் மேக்கப்பை என் காசில் வாங்கிவர வேண்டும்? இமான் கேட்ட கேள்விக்கு 1994-இல் கிடைத்த பதில் அவரே தொடங்கிய அழகுப்பொருள் நிறுவனம். (அவர் நியூயார்க்கில் இறங்கிய அதே 1975-இல்தான் இந்தியச் சந்தைக்கு ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. 2020-இல் அதற்குப் பெயர் மட்டும் மாறியது.)

இமானின் கதையில் இன்னொன்று உண்டு. அவர் தூதரக அதிகாரியின் மகள், நைரோபி பல்கலைக்கழக மாணவி, பல மொழிகள் பேசுபவர். ஆனால் அவரைக் கண்டெடுத்ததாகச் சொல்லிக்கொண்ட புகைப்படக்காரர், காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் என்று பத்திரிகைகளுக்குக் கதை விட்டார். நன்றாக விற்றது. கறுப்புப் பெண்ணை மேடையேற்றும் சந்தைக்கு அவள் அழகு மட்டும் போதாது, அவளோடு ஒரு காடும் வேண்டும். அகதியாக லண்டனுக்கு வந்து, 1990-களின் இறுதியில் உலகப் புகழ் பெற்ற அலெக் வெக்கை ஒரு காபி நிறுவனத்தின் நாட்காட்டியில் கோப்பைக்குள் காபியாகவே காட்டினார்கள். அதைப் பற்றிய தன் சங்கடத்தை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம் ஊரில் 'சாக்லேட் ஸ்கின்' என்று பாராட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் இதை யோசிக்கலாம்.

இந்தப் பெண்களின் வெற்றிக்கதைகளை நாம் பெரும்பாலும் தன்னம்பிக்கைக் கதைகளாகவே வாசிக்கிறோம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. 1988-இல் பிரெஞ்சு வோக் இதழின் அட்டையில் வந்த முதல் கறுப்புப் பெண் நயோமி கேம்பல். தயங்கிய இதழிடம், தன் விளம்பரங்களை நிறுத்திவிடுவேன் என்று ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் மிரட்டிய பிறகே அது நடந்தது. நயோமியை எடுக்காவிட்டால் நாங்களும் வரமாட்டோம் என்று வெள்ளை மாடல்களான கிறிஸ்டி டர்லிங்டனும் லிண்டா இவாஞ்சலிஸ்டாவும் உடன் நின்றதை நயோமியே சொல்லியிருக்கிறார். அப்படியும் என்ன ஆனது? 1997-இல் பிராடா நிறுவனத்தின் நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்து நடந்தார் நயோமி. அடுத்த கறுப்பு மாடல் அதே இடத்தில் நடந்தது 2018-இல், அனோக் யாய். நடுவில் இருபத்தோரு வருடம். ஒருத்தி உள்ளே போனால் கதவு திறந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவள் போனதும் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

கதவைப் பிடித்து நிறுத்தியவர் பெத்தன் ஹார்டிசன். 1973-இல் வெர்சாய் அரண்மனையில் நடந்த புகழ்பெற்ற ஆடை நிகழ்ச்சியில் நடந்த கறுப்பு மாடல்களில் ஒருவர். 1984-இல் சொந்தமாக ஏஜென்சி தொடங்கினார். 1988-இல் இமானோடு சேர்ந்து கறுப்பு மாடல்களுக்கென ஒரு கூட்டமைப்பு கண்டார். 2013 செப்டம்பரில் நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் ஃபேஷன் அமைப்புகளுக்கு அவர் எழுதிய கடிதத்தில் கவிதை எதுவும் இல்லை. தங்கள் நிகழ்ச்சியில் ஒரே ஒரு கறுப்பு மாடலைப் பயன்படுத்திய, அல்லது ஒருவரைக்கூடப் பயன்படுத்தாத நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. உங்கள் நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு இனவெறிதான் என்று எழுதினார். எண்ணினார், பெயர் சொன்னார். அழகைப் பற்றி யாரிடமும் வாதாடவில்லை, இது வேலைவாய்ப்புப் பிரச்சினை என்றார்.

இதைத்தான் நாம் இங்கே செய்யவில்லை.

செய்ததெல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. 2009-இல் சென்னையிலிருந்துதான் கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. நிறத்தைக் கேவலப்படுத்தும் விளம்பரங்களுக்கு எதிராக அது பேசியது. 2014-இல் விளம்பரத் தரக் கவுன்சில் சிவப்பழகு விளம்பரங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2017 இறுதியில் சென்னைக் கலைஞர்கள் பரத்வாஜ் சுந்தரும் நரேஷ் நிலும் 'டார்க் இஸ் டிவைன்' என்று கறுப்பான தெய்வங்களைப் படமெடுத்தார்கள். அதில் லட்சுமியாக நின்ற சுருதி பெரியசாமி, நிறத்தால் வாய்ப்பு மறுக்கப்பட்டதை வெளிப்படையாகப் பேசியவர். படங்கள் அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கறுப்புப் பெண்ணை ஒரு நிமிடம் நின்று பார்க்க, அவள் கையில் தாமரையும் தலையில் கிரீடமும் வேண்டியிருக்கிறதே என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. சாமியாக நிற்பவளுக்குக் கும்பிடு கிடைக்கும். சம்பளத்தை யாரிடம் கேட்பாள்?

புதுச்சேரியின் சான் ரேச்சலை மறந்திருக்க மாட்டீர்கள். 2019-இல் 'மிஸ் டார்க் குயின் தமிழ்நாடு' பட்டம் வென்றவர். நிறவெறிக்கு எதிராக மேடை மேடையாகப் பேசியவர். 2025 ஜூலையில், 26 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, நானும் சொல்லப்போவதில்லை. அவருக்குப் பண நெருக்கடி இருந்ததாகச் செய்திகள் வந்தன. அவர் பேச்சை லட்சக்கணக்கில் பகிர்ந்த நாம், மாடலிங்கில் அவருக்கு மாதம் என்ன கிடைக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. 'டார்க் குயின்' என்ற அந்தத் தனிப் பட்டமும் என்னை உறுத்துகிறது. வென்றவரின் குற்றமல்ல அது. கறுப்பானவர்களுக்குத் தனிக் கிரீடம் என்றதும் டீக்கடைத் தனிக்குவளை நினைவுக்கு வராமல் இருக்குமா நமக்கு?

சாதிக்கு வருவோம். நிறத்தைப் பற்றிப் பேசினாலே "நாம எல்லாரும் கறுப்புத் தமிழர்தானே" என்று ஒரு தோழர் எழுந்துவிடுவார். உண்மைதான், எங்கள் ஊர் மேலத்தெருவிலும் எங்களைவிடக் கறுப்பானவர்கள் உண்டு. அந்தக் கறுப்பு அவர்களை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்துவிடவில்லை. சாதி என்பது இனப் பிரிவு அல்ல என்று அம்பேத்கர் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் தெளிவாக்கிவிட்டார். சென்னை மாகாணத்துப் பார்ப்பனரும் பறையரும் ஒரே இனம்தான் என்றார். ஆகவே நிறத்தை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் இந்தச் சமூகம் நிறத்தை வைத்து ஊகிக்கிறது, ஊகம் சரிதானா என்று பார்க்க அடுத்து விலாசம் கேட்கிறது.

பார்லரில் அந்தப் பெண் சொன்னதும் அதைத்தான். அவள் வீடு பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில். நகரத்துக் கூவம் கரையிலிருந்து பிடுங்கிவந்து கொட்டப்பட்ட குடும்பம். இன்ஸ்டாகிராமில் அவள் ஊர் 'ஓஎம்ஆர்' என்று இருக்கிறது. ஒருமுறை பெரும்பாக்கம் என்று சொன்னதும், "ஹவுசிங் போர்டா?" என்று கேட்டுவிட்டு, எடுத்த படங்களைக்கூட அனுப்பவில்லையாம். ஆங்கிலம் பேசுகிற, காரில் வந்து இறங்குகிற கறுப்பு என்றால் அது 'டஸ்கி', 'இன்டர்நேஷனல் லுக்'. பெரும்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினால் அதே நிறத்துக்குப் பெயர் வேறு. நிறத்தை மட்டும் கொண்டாடும் இயக்கத்துக்கு இவர்களில் முதலாமவர் மட்டும்தான் கண்ணில் படுவார்.

வேளச்சேரி – தாம்பரம் சாலையில் மேடவாக்கம் மேம்பாலத்தைத் தாண்டும்போது, துணிக்கடை, நகைக்கடை விளம்பரப் பலகைகளை ஒருநாள் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். பதினொன்று. அந்தப் பதினொன்றிலும் இந்தச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் ஒருத்தியின் நிறம்கூட இல்லை. ஹார்டிசன் செய்தது இந்த எண்ணும் வேலைதான். ஒவ்வொரு பேட்டையிலும் நாலு பேர் சேர்ந்து எண்ணி, கடையின் பெயரைப் போட்டு வெளியிட ஒரு செல்போன் போதும்.

இன்னொன்று நமக்குள்ளேயே. நம் புத்தக அட்டைகளுக்கும் மாநாட்டுச் சுவரொட்டிகளுக்கும் சுயாதீனப் படங்களுக்கும் கறுப்புப் பெண் முகம் தேடுகிறவர்கள் இதைப் படிக்கிறீர்கள். 'கொள்கைக்காகத்தானே' என்று அவர்களிடம் கேட்பது வேறு பெயரில் அதே கொலாப். கூப்பிடும்போதே தொகையைச் சொல்லுங்கள், முன்பணம் கொடுங்கள். அவளுடைய ஷேட் ஃபவுண்டேஷனை உங்கள் காசில் வாங்கி வையுங்கள். படப்பிடிப்பு முடிய ராத்திரியாகிவிட்டால், பெரும்பாக்கம் வரை ஆட்டோ காசும் சேர்த்து.