கணக்குப் படித்த பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் வேண்டும்

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளிக்காகப் பிள்ளைகள் காத்திருக்கும் நாட்களில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை நகரங்களில் புதிது புதிதாகப் பதாகைகள் கட்டப்படுகின்றன. குறுகிய காலத்தில் வெளிநாட்டு வணிகப் பட்டம் என்று அவை சொல்கின்றன. நிதி, சந்தைப்படுத்தல், தொழில் முயற்சியாண்மை என்ற சொற்கள் பெரிய எழுத்தில் இருக்கும். கட்டணம் எவ்வளவு என்பது இருக்காது. அந்தத் துண்டுப்பிரசுரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் எங்களிடம் வருகிறார்கள். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா, நகையை அடகு வைக்கலாமா, சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்தால் இதில் போடலாமா என்று கேட்கிறார்கள்.

ஆசிரியர்களாகவும் சங்கத்தில் வேலை செய்பவர்களாகவும் எங்கள் பதில் இதுதான். எங்கள் பிள்ளைகள் வணிகப் பாடங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் எங்கே, எவ்வளவு செலவில், எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். இந்தப் பாடங்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. நூற்றைம்பது வருடமாகத் துரைமாரும் கம்பனிகளும் இந்தப் பாடங்களைப் படித்துவிட்டு வந்து எங்கள் உழைப்பைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதே கணக்கை எங்கள் பக்கத்தில் இருந்து போடக்கூடிய ஆட்கள்தான் எங்களிடம் போதாமல் இருக்கிறார்கள்.

முதலில் நிதியை எடுத்துக்கொள்வோம். நிதி என்றால் வங்கியும் பங்குச் சந்தையும்தான் என்று நினைக்க வேண்டாம். சம்பளச் சிட்டையிலேயே அது தொடங்குகிறது. 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துப் பார்ப்போம். 25 நாள் பேர் விழுந்தால் 33,750 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது 8 வீதம், 2,700 ரூபா. தோட்ட நிர்வாகம் தன் பங்காக 12 வீதம், 4,050 ரூபா போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதமும் நிர்வாகமே கட்ட வேண்டும். பிடித்த பணமும் போட வேண்டிய பணமும் உரிய மாதத்தில் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருந்தால், ஓய்வு பெறும்போது தொழில் திணைக்களத்துக்கு அலையும் பெரியவர்களின் தொகை குறையும்.

அடுத்தது கடன். வாராவாரம் லயத்துக்கு வந்து அறவிட்டுப் போகும் நுண்கடன்காரர் வருடத்துக்கு 24 வீதம் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்துக்கு 24,000 ரூபா வட்டி, மாதம் 10,333 ரூபா, 12 மாதம். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் முதல் மாதம் தொடங்கி முதலும் சேர்ந்து திரும்பிப் போகிறது. ஆறாவது தவணை கட்டும்போது ஒரு லட்சம் எங்கள் கையில் இல்லை. அதில் பாதியளவுதான் மீதி. வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு ஒரு லட்சத்துக்கும் கட்டப்படுகிறது. மீதிக் கடனை வைத்துக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டும். இது நிதிப் பாடத்தின் முதல் வருடத்திலேயே வரும் கணக்கு. இதை அறிந்த ஒரு மகள் வீட்டில் இருந்தால் அம்மா கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை யோசிப்பார்.

இன்னும் மேலே போவோம். 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. பிறகு பங்குகள் விற்கப்பட்டபோது தொழிலாளருக்கென்று 10 வீதப் பங்குகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. பங்கு என்றால் என்ன, அதை வைத்திருப்பதா விற்பதா, இலாபப் பங்கு எப்போது வரும் என்று அன்று வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தோட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? சம்பளப் பேச்சிலும் இதே நிலைதான். கம்பனிகள் ஒரு கிலோவுக்கு இவ்வளவு உற்பத்திச் செலவு, இதற்கு மேல் தாங்காது என்று ஒரு எண்ணைச் சொல்கின்றன. பல கம்பனிகள் கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவானவை. அவற்றின் ஆண்டறிக்கைகள் யாரும் பார்க்கக்கூடியவை. முகாமைத்துவக் கட்டணம் என்று தாய்க் கம்பனிக்கு எவ்வளவு போகிறது, எங்கள் பணிக்கொடைக்காக எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை அவற்றில் தேடிப் பார்க்கலாம். 2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து விலகிய பிறகு சம்பளப் பிரச்சினை சம்பள நிர்ணய சபைக்குப் போய்விட்டது. அங்கே ஆவேசமாகப் பேசினால் மட்டும் காரியம் நடக்காது. எண்ணுக்கு எண்தான் பதில்.

சந்தைப்படுத்தலுக்கு வருவோம். 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து முன்னேறியவர். ஊவாவில் தோட்டங்களை வாங்கினார். தேயிலையைச் சிறு பக்கெட்டுகளில் அடைத்து, தன் பெயரைப் போட்டு, சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றார். அவர் பெயர் இன்றும் உலகமெல்லாம் தெரியும். அந்தக் கொழுந்தை எடுத்த பெண்களின் பெயர் ஒன்றுகூட யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் பக்கெட்டுகளில் கூடை சுமந்த பெண்ணின் படம் இருக்கிறது. அவளுடைய சிரிப்பு சரக்கை விற்கிறது. அதற்கு அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதும் சந்தைப்படுத்தல் பாடத்துக்குள் வரும் கேள்விதான்.

1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலை என்ன விலைக்குப் போகிறது, பெயர் போட்ட பக்கெட்டாகும்போது அந்த விலை எத்தனை மடங்காகிறது என்று தெரிந்தால்தான் நடுவில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்க முடியும். நியாய வர்த்தகச் சான்றிதழ் பெற்ற தோட்டங்களில் விற்பனையில் இருந்து ஒரு மேலதிகத் தொகை தொழிலாளருக்கென்று ஒதுக்கப்படுகிறது. அதை என்ன செய்வது என்று தொழிலாளர் தெரிவுசெய்யும் குழுதான் முடிவெடுக்க வேண்டும். அந்தக் குழுவில் கணக்கும் சந்தையும் தெரிந்த எங்கள் பிள்ளை ஒருவர் இருப்பதற்கும், நிர்வாகம் நீட்டும் தாளில் கையெழுத்து மட்டும் போடும் ஒருவர் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

மூன்றாவது, தொழில் முயற்சியாண்மை. இந்தச் சொல்லைத்தான் நாங்கள் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். அவுட்குரோவர் முறையைக் கொண்டுவரும்போது, தொழிலாளி இனிமேல் கூலியாள் இல்லை, முயற்சியாளர் என்று கம்பனிகள் சொல்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முயற்சியாளர் யார் என்பதைப் பல்கலைக்கழகத்தில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். ஆபத்தை ஏற்பவர், அதற்காக இலாபத்தை எடுப்பவர், தீர்மானம் எடுக்கும் உரிமை உள்ளவர். காணி எங்கள் பெயரில் இல்லை என்றால் அதைக் காட்டி வங்கியில் கடன் வாங்க முடியாது. கொழுந்தை அதே கம்பனிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் விலை பேச முடியாது. சேமலாப நிதியும் பணிக்கொடையும் நின்றுபோனால் முதுமைக்கு ஒன்றும் இல்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார்கள். அப்படி ஒரு வருடம் திரும்ப வந்தால் அந்த நட்டம் யார் தலையில் விழும்? சிறுதோட்ட உடைமையாளருக்குக்கூடப் பச்சைக் கொழுந்து விலைக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. விற்பனைச் சராசரியில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. அவுட்குரோவர் ஒப்பந்தத்தை எங்கள் முன் வைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, எங்கள் பங்கு எத்தனை வீதம், அது எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது என்பதுதான்.

சொந்தத் தொழில் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கொழும்புக் கடைகளில் பத்து வருடம் வேலை செய்து திரும்பிய எங்கள் தம்பிமாருக்கு வியாபாரம் நன்றாகவே தெரியும். மரக்கறித் தோட்டம், பால் மாடு, தையல் என்று எங்கள் பெண்கள் செய்யாத முயற்சியும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது காணி உறுதியும் நியாயமான கடனும் சந்தைக்கு ஒரு வழியும்தான். அதைக் கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதற்குத்தான் படிப்பு.

இனி, எங்கே படிப்பது என்பதைப் பார்ப்போம். நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். அந்தப் பின்னடைவு இன்னும் தீரவில்லை. விஞ்ஞானப் பிரிவுக்கு ஆய்வுகூடமும் 1ஏபி தரப் பாடசாலையும் வேண்டும். வர்த்தகப் பிரிவை 1சி பாடசாலையிலும் நடத்தலாம். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய மூன்று பாடத்துக்கும் ஆசிரியர்கள் இருந்தால் போதும். ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் உள்ள தொழில்சார் பிரிவு இதுதான். அப்படியிருந்தும் கணக்கீட்டு ஆசிரியர் இல்லை என்ற ஒரே காரணத்தால் கலைப் பிரிவுக்குத் தள்ளப்படும் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அரச பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுக்குள் அடங்கும். ஸ்ரீ ஜயவர்தனபுரவில் நிதி, சந்தைப்படுத்தல், தொழில் முயற்சியாண்மை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறையே இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ, கண்டிப் பக்கத்தில் பேராதனை, சப்ரகமுவ, யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்கு என்று முகாமைத்துவம் கற்கப் பல இடங்கள் உண்டு. கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைக்கு மஹாபொல அல்லது வேறு உதவித் தொகையும் கிடைக்கலாம். ஆனால் பெரும்பாலான முகாமைத்துவப் பட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில் கணக்கீடு படித்து நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை முதல் அரையாண்டிலேயே சோர்ந்துபோவது அதனால்தான். ஆங்கிலத்தை ஆறாம் வகுப்பில் இருந்தே ஒழுங்காகக் கற்பிக்காமல் பல்கலைக்கழக வாசல் திறந்திருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை.

வெட்டுப்புள்ளி சற்றுத் தவறிய பிள்ளைக்கும் வழி உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே முகாமைத்துவப் பட்டம் படிக்கலாம். உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தில் கணக்கியல் உயர் டிப்ளோமா இருக்கிறது. ஏஏடி பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பணம் கட்டிப் படிக்கும் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் பெற்றோர் நான்கு கேள்வி கேட்க வேண்டும். பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? பதிவு, பரீட்சை, கடைசி வருடம் எல்லாம் சேர்த்து மொத்தக் கட்டணம் எவ்வளவு? அது ரூபாவிலா, பவுணிலா? 2022இல் ரூபா விழுந்தபோது வெளிநாட்டுப் பணத்தில் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்ட குடும்பங்கள் பட்ட பாட்டை மறக்கக் கூடாது. எழுத்தில் பதில் தராத இடத்துக்கு நகையைக் கொண்டுபோக வேண்டாம்.

சங்கமும் இதில் சும்மா இருக்க முடியாது. மூன்று காரியங்களை நாங்கள் முன்வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ்மொழி மூல வர்த்தகப் பிரிவுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள ஆசிரியர் வெற்றிடங்களைப் பெயர் பெயராகத் திரட்டி, சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து முன்வைக்க வேண்டும். இரண்டு, பல்கலைக்கழக விண்ணப்ப காலத்தில் எல்லா மாவட்டக் காரியாலயங்களிலும் வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவ வேண்டும். மூன்று, முகாமைத்துவம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் கடைசி வருடத்தில் செய்யும் பயிற்சிக் காலத்தைச் சங்கக் காரியாலயத்தில் செய்ய இடம் கொடுக்க வேண்டும். கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை அவர்கள் வாசித்து, தோட்டக் கமிட்டித் தலைவருக்கும் விளங்கும் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதித் தரட்டும்.

அந்தப் பிள்ளைகள் எங்கள் சந்தாப் பணத்தின் கணக்கையும் வாசிக்கட்டும். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி வருடாந்தக் கணக்கைப் பதிவாளருக்குக் கொடுக்கிறோம். அதை அங்கத்தவருக்கும் விளக்கிச் சொல்ல ஆள் இருந்தால் சங்கத்தின் மேல் உள்ள நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது. கம்பனியிடம் கணக்குக் கேட்கும் நாங்கள் எங்கள் கணக்கையும் திறந்து வைப்பதுதான் முறை.

பட்டம் எடுத்த பிள்ளைகள் கொழும்பில் நல்ல வேலைக்குப் போகட்டும், நல்ல சம்பளம் வாங்கட்டும். அது அவர்கள் பெற்றோரின் வியர்வைக்கு வந்த பலன். நாங்கள் கேட்பது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக்கு வரும்போது சம்பளச் சிட்டையையும் கடன் புத்தகத்தையும் ஒப்பந்தப் பத்திரத்தையும் அக்கம்பக்கத்தாருக்கு வாசித்துச் சொல்லட்டும். தோழர்களே, இந்த வருடம் உங்கள் தோட்டத்தில் உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் பெயர்களை உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். வெட்டுப்புள்ளி வருவதற்கு முன்பே அவர்களைச் சந்திக்க நாங்கள் வருகிறோம்.