ஏற்றுக்கொள்ளப்படும் யாத்திரை

பாக் விரிகுடாக் கரையிலுள்ள ஜெகதாப்பட்டினம் கடலை நம்பி வாழும் ஊர். வலை வீசுவது மனிதன் வேலை, மீன் படுவது அவன் கையில் இல்லை என்ற உண்மையை இந்தக் கரை ஜனங்களுக்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஹஜ் யாத்திரை செய்யும் முஸ்லிம் அன்பர்களின் பிரார்த்தனை ஒன்றிலும் இதே உண்மை அடங்கியிருக்கிறது.

பிரார்த்தனையை அவர்கள் 'துஆ' என்பார்கள். இந்தத் துஆவில் கேட்கப்படுபவை மூன்று. இந்த ஹஜ்ஜு 'மப்ரூர்' ஆக, அதாவது ஏற்றுக்கொள்ளப்பட்டதாக, அமைய வேண்டும். பட்ட பாடு பலனுள்ளதாக வேண்டும். செய்த பாவம் மன்னிக்கப்பட வேண்டும். இதன் சுருக்கமான வடிவத்தை நபித்தோழர் இப்னு மஸ்ஊத் மினாவில் கல்லெறிந்தபோது ஓதியதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

வாழ்நாளெல்லாம் காசு சேர்த்து, மக்காவுக்கே போய்ச் சேர்ந்த பிறகும், "வந்துவிட்டேன், இனி என்ன குறை?" என்று யாத்திரிகர் நிமிர்ந்து நிற்பதில்லை, "ஏற்றுக்கொள்" என்று கையேந்துகிறார். கஃபாவின் சுவர்களை எழுப்பிய இப்ராஹீம் நபியும் அவர் குமாரர் இஸ்மாயீலும்கூட, தங்கள் பணியை ஏற்றருளுமாறு வேண்டியதாகக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் சொல்லுகிறது. கட்டினவர்களே இப்படிப் பணிந்தார்களென்றால், வலம் வரப் போகிறவர் கர்வப்பட இடமேது?

முன்னாளில் நம் நாட்டு யாத்திரிகர்கள் பம்பாயில் கப்பலேறி, பல நாள் அலைபட்டு ஜித்தாவில் இறங்குவார்கள். அந்தக் கப்பல் பிரயாணம் 1995-ம் வருஷத்தோடு நின்றுவிட்டது. இப்போது ஆகாய விமானம் சில மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. 2025-ம் வருஷத்தில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 1,75,025. பிரயாணம் சுலபமாகிவிட்டது. ஆனால் 'மப்ரூர்' சுலபமாகவில்லை. ஏனெனில் அது மக்காவில் ஆரம்பிப்பதில்லை. யாத்திரிகரின் வீட்டிலேயே ஆரம்பமாகிறது.

வழிச்செலவுப் பணம் நேர்வழியில் வந்ததாக இருக்க வேண்டும். கடனைத் தீர்க்க வேண்டும். திரும்பி வரும் வரையில் குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டுப் போக வேண்டும். மனம் நோகச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். யாத்திரையில் ஆபாசப் பேச்சும், தீச்செயலும், சண்டையும் கூடாதென்று அதே இரண்டாம் அத்தியாயம் விலக்குகிறது. படகில் வேலை செய்தவனுக்குத் தராமல் நிறுத்திய கூலியும், தங்கைக்குச் சேர வேண்டிய சொத்துப் பங்கும் அந்த வழிச்செலவுப் பணத்தில் கலந்திருந்தால் என்ன செய்வது? இறைவனுக்குச் செய்த குற்றத்தை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்கு இழைத்த அநீதியை அந்த மனிதனிடம் அல்லவா தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று மார்க்க அறிஞர்கள் கேட்கிறார்கள்.

டமாஸ்கஸ் நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஒருவரைப் பற்றி ஒரு பழங்கதை வழங்குகிறது. ஹஜ்ஜுக்காக அவர் வெகுகாலம் பணம் சேர்த்தார். அண்டை வீட்டுக் குழந்தைகள் பசி தாங்காமல், செத்த பிராணியின் மாமிசத்தைச் சமைத்து உண்ண நேர்ந்ததை அறிந்து, சேர்த்ததையெல்லாம் அவர்களுக்கே கொடுத்துவிட்டார். மக்காவுக்கு அவர் போகவில்லை. ஆயினும் அந்த வருஷம் ஏற்றுக்கொள்ளப்பட்டது அவருடைய ஹஜ்ஜுதான் என்று கதை முடிகிறது. கடமையை விட்டுவிட இது சாக்கு அல்ல. கடமையின் உயிர் எங்கே இருக்கிறதென்று காட்டுவதற்காகச் சொன்னது.

காசிக்குப் போகும் ஹிந்துக்கள் தங்களுக்குப் பிரியமான காய் ஒன்றையோ கனி ஒன்றையோ விட்டுவிட்டு வருவது வழக்கம். விட வேண்டியது காயோ, கோபமோ என்று யோசிக்கிற பெரியவர்களும் உண்டு. மக்காவிலிருந்து வருகிறவர் பேரீச்சம் பழமும் ஜம்ஜம் தீர்த்தமும் கொண்டுவருகிறார். போனபோது இருந்ததைவிட நல்லவராகத் திரும்புவதே ஏற்கப்பட்ட ஹஜ்ஜின் அடையாளம் என்று அறிஞர்கள் கூறுகிறார்கள்.

ஊர் திரும்பும் ஹாஜியாரை "ஹஜ் மப்ரூர்" என்று வாழ்த்துகிறார்கள். அது முடிந்துபோன காரியத்துக்குச் சூட்டும் மாலையன்று. நாளைக் காலை கடையில் தராசைப் பிடிக்கும்போதும், கூலிக்காரனுக்குக் கணக்குத் தீர்க்கும்போதும் நினைத்துக்கொள்ள வேண்டிய வாழ்த்து. எந்த மதத்தினராயினும், யாத்திரை போய் வந்த நாம் எல்லோரும் நம் வீட்டாரிடமும் வேலைக்காரரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: "போய் வந்த பிறகு எங்களிடம் ஏதாவது மாறுதல் தெரிகிறதா?"