ரயில்வே கேட்டுக்குத் தெற்கே

நாசரேத்திலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் புதுச்சேரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறார்கள். ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ். காலையில் விழுப்புரத்தில் இறங்கி ஒரு டீ. அங்கிருந்து பஸ்ஸில் நாற்பது கிலோமீட்டர். பிறகு கடற்கரை, காந்தி சிலை, மஞ்சள் சுவர், காகிதப்பூ கொடி, பிரெஞ்சில் எழுதிய தெருப்பெயர்ப் பலகை, ஆசிரமம், மணக்குள விநாயகர் கோயில். மத்தியானம் சாப்பாடு. சாயங்காலம் மறுபடியும் கடற்கரை. (நடுவில் சிலர் மட்டும் காணாமல் போய் 'வேறு வேலை' முடித்துவிட்டு வருவார்கள். அது இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல!) ஊர் திரும்பியதும், "பிரான்ஸுக்கே போய்வந்த மாதிரி இருந்தது" என்று ஒரு வசனம்.

அந்தத் தெருக்கள் அழகானவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஊரில் பாதி. அதுவும் முதலாளிகளும் அதிகாரிகளும் குடியிருந்த பாதி. அவர்களுடைய செல்வத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் இன்னொரு பாதியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் அது வழியிலேயே இருக்கிறது. புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி மறைமலை அடிகள் சாலையில் ஊருக்குள் போகிறவர்கள் சுதேசி மில்லைத் தாண்டித்தான் போகிறார்கள். ஏதோ மூடிக்கிடக்கும் கட்டடம், வாசலில் ஏதோ கட்சியின் ஆர்ப்பாட்டம் என்று ஆட்டோ கடந்துவிடும்.

அந்த மில்லின் பழைய பெயர் சவானா. 1820களின் கடைசியில் ஆரம்பித்தது. பம்பாயின் முதல் பஞ்சாலை 1854ல்தான் தொடங்கப்பட்டது, அதாவது சவானா அதற்குக் கால் நூற்றாண்டு மூத்தது. பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் மில் வைக்க அவ்வளவு அவசரம் ஏன்? காரணம் 'கினே' என்ற கருநீலத் துணி. அவுரிச் சாயத்தில் முக்கிய பருத்தித் துணி அது. மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் ஆற்றங்கரையில் அது வெறும் துணி அல்ல, காசு மாதிரி. அதைக் கொடுத்து அங்கே வேலம்பிசின் வாங்கினார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே துணியில் அச்சடிக்கும் சாயத்தைக் கெட்டிப்படுத்த உதவியது. புதுச்சேரி நெசவாளியும் சாயக்காரரும், செனகல் காட்டில் பிசின் எடுத்தவரும், பிரான்ஸில் அச்சடித்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஆனால் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தார்கள். உலகமயமாக்கல் என்று 1991ஐக் காட்டிப் பாடம் நடத்துகிறவர்கள் ஒருமுறை மறைமலை அடிகள் சாலையில் நின்று பார்க்கலாம்.

அடுத்து ஏ.எஃப்.டி. இதற்குப் போகும் வழிதான் வேடிக்கை. ரயில் நிலையம் இருப்பது சுப்பையா சாலையில். எல்லோரும் போட்டோ எடுக்கும் இருதய ஆண்டவர் பேராலயமும் அதே சாலையில்தான். யார் இந்த சுப்பையா என்று போட்டோ எடுக்கிறவர்களிடம் கேட்டால் பதில் வருவது கஷ்டம். அங்கிருந்து கடலூர் சாலைக்கு வந்து தெற்கே திரும்பினால் ரயில்வே கேட். எப்போதும் நெரிசல். ரயில் வரும்வரை நின்று, கேட் திறந்ததும் தண்டவாளத்தைத் தாண்டினால் மில். 1898ல் ரோடியர் மில் என்று தொடங்கி, பிறகு ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்று ஊரெல்லாம் அறிந்த பெயரானது. கெப்ளே மில் என்ற பாரதி மில்லையும் சேர்த்தால் மூன்று பெரிய ஆலைகள். முதலியார்பேட்டைப் பக்கம் மூன்று நான்கு தலைமுறைகள் ஷிப்டு பார்த்துத்தான் சமைத்தன, தூங்கின, கல்யாணத் தேதி வைத்தன.

இனி 1936. அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில் பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம். லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு வந்தது. ஜூன் மாதமே வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம் வந்தது. பிரெஞ்சுத் தொழிலாளி முதல்முறையாகக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனான். அடுத்த மாதம், அதே கொடி பறந்த புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. கிடைத்தது துப்பாக்கிச் சூடு. 1936 ஜூலை 30. பன்னிரண்டு பேர் இறந்தார்கள்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களுக்கும் கடலைத் தாண்டும்போது என்ன ஆகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? அங்கே ஜூன், இங்கே ஜூலை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தொழிலாளர்களின் தலைவர் வ.சுப்பையா. 'சுதந்திரம்' பத்திரிகையை 1934ல் தொடங்கியவர். சாலைக்குப் பெயரானவர் இவர்தான். சூட்டுக்குப் பிறகு நேரு புதுச்சேரி வந்தார். சுப்பையா பாரிஸுக்கே போய்ப் பேசினார். 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை, சங்க உரிமை எல்லாம் அதில் இருந்தன. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று புதுச்சேரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். முதலோ இரண்டாவதோ, பக்கத்தில் கடலூரில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தொழிலாளிக்கு அன்று எட்டு மணி நேர வேலைச் சட்டம் இல்லை. மஞ்சள் சுவரைவிட இது பெரிய பிரெஞ்சு மிச்சம். பிரான்ஸ் தானாகக் கொடுத்துவிட்டுப் போன மிச்சமும் அல்ல, பன்னிரண்டு உயிரைக் கொடுத்து இங்கிருந்து கேட்டு வாங்கியது.

தூத்துக்குடி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்க வேண்டும். 1908 பிப்ரவரி 27, தூத்துக்குடி கோரல் மில். ஹார்வி கம்பெனியின் ஆலை. ஏறக்குறைய ஆயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கல்கத்தாவில் அரவிந்தர் தன் பத்திரிகையில் இந்த வெற்றியைக் கொண்டாடி எழுதினார். மார்ச் 12ல் வ.உ.சி.யும் சிவாவும் கைது. அதே ஆண்டு பாரதி புதுச்சேரிக்குப் போனார். 1910ல் அரவிந்தரும் அங்கேயே வந்து சேர்ந்தார். ஆசிரமத்தில் சமாதிக்கு முன்னால் கண்மூடி நிற்கும் தூத்துக்குடிக்காரர்களில் எத்தனை பேருக்கு, இவர் ஒரு காலத்தில் கோரல் மில்லைப் பற்றி எழுதியவர் என்று தெரியும்?

தூத்துக்குடியில் வ.உ.சி. பெயரில் துறைமுகம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, சிலை இருக்கிறது. நல்லது. கூலியை இழந்து வீட்டில் உலை வைக்காமல் ஒன்பது நாள் நின்ற அந்த ஆயிரம் பேர்? நாசரேத்தில் மட்டும் என்ன வாழ்கிறது. கனோன் மர்காஷிஸ் 1878லேயே இங்கே தொழிற்பள்ளி தொடங்கினார். தச்சும் கொல்லும் தையலும் படிப்போடு சேர்ந்தவை என்று நினைத்த மனிதர். அந்த ஊரில் கூட்டுறவு நூற்பாலை மூடிய பிறகு, அங்கே வேலை பார்த்தவர்களின் கதையை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் தலவரலாறு உண்டு. மில்லுக்குக் கிடையாது.

புதுச்சேரிக்குத் திரும்புவோம். கடற்கரையில் மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி மன்றம், 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. ஊரே வருத்தப்பட்டது. உலக வங்கிப் பணத்தில், முன்பு இருந்த மாதிரியே திருப்பிக் கட்டி 2021ல் திறந்தார்கள். இன்று பார்த்தால் இடிந்த சுவடே தெரியாது. ஏ.எஃப்.டி.யை 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தது. அதன் பிறகு மில் எழுந்திருக்கவே இல்லை. வேலை இல்லாமல் பாதிச் சம்பளம், அதுவும் பாக்கி என்று இழுத்து, 2020 ஏப்ரல் 30ல் மூடியே விட்டார்கள். அதே வருடம் சுதேசி, பாரதி மில்களும் போயின. ஒரே ஊர், இரண்டு பழைய கட்டடங்கள். ஒன்றில் பிரெஞ்சு மேயர் உட்கார்ந்திருந்தார், இன்னொன்றில் முதலியார்பேட்டைக்காரர் நூல் நூற்றார். எதற்குப் 'பாரம்பரியம்' என்று பெயர் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

"மில்லை மூடி வயிற்றில் அடித்தாகிவிட்டது, இப்போது மியூசியம் வைத்து யாருக்குச் சோறு போடப் போகிறீர்கள்?" என்று ஒரு பழைய தொழிலாளி கேட்டால் அது நியாயமான கேள்வி. அவருக்குச் சேர வேண்டிய பணம்தான் முதலில். மில் இருந்த நிலத்தில் பத்துப் பேருக்கு வேலை தரும் ஏதாவது வருமென்றால் அதைத் தடுத்து நிறுத்திவிட்டு ஓட்டை விழுந்த கூரையைப் பூஜை செய்யச் சொல்வது பைத்தியக்காரத்தனம். ஆனால் வேலை தரும் இடமும் நினைவும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யார் சொன்னது?

வடக்கு பிரான்ஸில் ரூபே என்று ஒரு ஊர். கம்பளி, பருத்தி ஆலைகளால் வளர்ந்து, ஆலைகள் போனதும் நொடித்துப்போன ஊர். கோட்டை மாதிரி இருக்கும் மோத் பொசூ நூற்பாலையை அவர்கள் இடிக்கவில்லை. 1993ல் அதில் தொழில் உலகத்துக்கான தேசிய ஆவணக் காப்பகத்தைத் திறந்தார்கள். கம்பெனிக் கணக்குப் புத்தகம், சங்கத் துண்டறிக்கை எல்லாம் அங்கே இருக்கின்றன. 1932ல் கட்டிய நகராட்சி நீச்சல்குளம் 2001 முதல் அருங்காட்சியகம். நடுவில் தண்ணீர் அப்படியே இருக்க, சுற்றிலும் சிற்பங்கள். அதனால் ரூபேயின் வறுமை தீர்ந்துவிடவில்லை, அது இன்றும் பிரான்ஸின் ஏழை ஊர்களில் ஒன்றுதான். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தன் தாத்தா என்ன வேலை செய்தார் என்று போய்ப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது.

புதுச்சேரியில் அவ்வளவு கூட வேண்டாம். மூன்று மில்லில் ஏதாவது ஒன்றில் ஒரு கூடம். இரண்டு தறி. வருகைப் பதிவேடுகள் செல்லரித்துப் போகாமல் ஓர் அலமாரி. சுவரில் அந்தப் பன்னிரண்டு பேரின் பெயர். இவ்வளவு செய்ய உலக வங்கி தேவையில்லை.

அதுவரை போகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நாள் பயணத்தில் இரண்டு மணி நேரம் இதற்குப் போதும். மறைமலை அடிகள் சாலையில் ஆட்டோ பிடிக்காமல் நடந்து, சுதேசி மில் வாசலில் கொஞ்சம் நிற்கலாம். பேராலயத்தைப் பார்த்தபின் ரயில்வே கேட்டைத் தாண்டி ஏ.எஃப்.டி. மதிலோரமாக நடக்கலாம். உள்ளே விடமாட்டார்கள், பரவாயில்லை. பக்கத்து டீக்கடையில் வயதானவர் யாராவது பேப்பர் படித்துக்கொண்டிருந்தால், "ஐயா, மில்லுல இருந்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். ஜூலை 30ல் போகிறவர்களுக்கு ஊர்வலமும் சிவப்புக் கொடியும் பார்க்கக் கிடைக்கும். வருடா வருடம் தியாகிகள் தினம் என்று மறக்காமல் நடத்துகிறார்கள், கூட்டம்தான் குறைந்துகொண்டே வருகிறது.