கடலுக்குள் செல்லுமுன்…



மாலத்தீவு என்றதும் நம் இல்லங்களில் மாசிக் கருவாட்டின் மணம்தான் முதலில் நினைவுக்கு வரும். மாசியை இடித்துச் சம்பல் அரைத்த நம் பாட்டிமார்கள் அத்தீவுகளைக் கண்ணால் கண்டதில்லை. இன்றோ நம் பிள்ளைகள் விமானமேறிச் சென்று, முதுகில் காற்றுக் கலத்தைச் சுமந்து, கடலுக்குள் மூழ்கிப் பவளப் பாறைகளைக் கண்டு திரும்புகின்றனர்.

கடற்கரை ஊரொன்றிலிருந்து ஒரு தாய் நமக்கு மடல் எழுதியுள்ளார். அவருடைய மகனுக்கு அண்மையில் திருமணம் நடந்தது. புதுமணத் தம்பதியர் மாலத்தீவு சென்று ஸ்கூபா பயிற்சி பெற இருக்கின்றனர். மகனுக்குச் சிறு வயது முதல் இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் இன்றும் இன்ஹேலர் இல்லாமல் முடியாது. இது பெண் வீட்டாருக்குத் தெரியாது. பயிற்சி நிலையம் அனுப்பிய உடல்நலப் படிவத்தில் "இல்லை" என்று எழுதிவிடவா எனத் தாயிடம் கேட்கிறாராம் மகன். "என்ன சொல்வது?" என்று அந்தத் தாய் நம்மைக் கேட்கிறார்.

வேண்டாம், தாயே! அப்படி எழுத விடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறோம்.

மன்னார் வளைகுடாவில் சங்கும் முத்தும் குளித்த நம் முன்னோர், மேலே இழுத்த ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கினார்கள். அந்தக் காற்று ஆழத்தில் சுருங்கி, மேலே வந்ததும் பழைய அளவையே அடைந்தது. ஸ்கூபா முறை இதற்கு நேர்மாறானது. பிரான்சில் 1943இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய கருவியின் வழிவந்த இன்றைய சாதனம், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் இரு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வருகையில் இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கியவாறு மேலெழுந்தால் நுரையீரல் கிழிந்துபோகக்கூடும். ஆகவேதான் இக்கலையின் முதற்பாடம், 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்பதாகும்.

இழுப்பு உள்ளவர் தாமாக மூச்சை அடக்கவேண்டியதில்லை. சுருங்கிய சிறு குழாய்களே காற்றைச் சிறைப்படுத்திவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எனினும் இழுப்பு உள்ளவர் அனைவருக்கும் கடல் மூடப்பட்டதன்று. நோய் நன்கு கட்டுப்பட்டிருந்தால், மூச்சுத் திறனைச் சோதித்தபின் மருத்துவர் இசைவு அளிப்பதுமுண்டு. அந்த முடிவு மருத்துவருடையது, மகனுடையதன்று. பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே அவரைப் பார்க்கச் செய்யுங்கள்.

இன்னுமொன்று. கடலுக்குள் எவரும் தனியே செல்வதில்லை. இருவர் இருவராகவே மூழ்குவர். ஒருவருக்குக் காற்றுத் தீர்ந்தால் மற்றவருடைய கலத்திலிருந்து அளிப்பதற்கென்றே ஒவ்வொருவரிடமும் கூடுதலாக ஒரு வாய்க்குழாய் இருக்கும். உங்கள் மகனுக்குத் துணையாக மூழ்கப்போகிறவர் உங்கள் மருமகளே! தம் கணவருக்கு என்ன நேரக்கூடும் என்பதை அறியாமல் அந்தப் பெண் எவ்வாறு உதவுவார்? படிவத்திற்கு முன்னால், மருமகளிடம் உண்மை சொல்லப்பட வேண்டும். அதை மகனே சொல்லட்டும்.

மற்றவர்களும் அறியவேண்டியவை சில:

சளி பிடித்திருக்கையில் மூழ்கலாகாது. காது அடைத்துச் செவிப்பறை சேதமுறலாம். கருவுற்ற பெண்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். தொடக்கப் பயிற்சி பெற்றவர் 18 மீட்டருக்குக் கீழே செல்வதில்லை. மாலத்தீவு அரசின் விதிப்படி, உல்லாசத்திற்காக மூழ்குவோர்க்கு 30 மீட்டரே எல்லை.

மேலெழுவதில் அவசரம் கூடாது. ஆழத்தில் நம் இரத்தத்தில் கரையும் நைட்ரஜன், சோடாப் புட்டியைச் சட்டெனத் திறந்தாற்போல் குமிழிகளாகக் கிளம்பினால் மூட்டுகளையும் முதுகுத்தண்டையும் தாக்கும். நிமிடத்திற்கு 9 மீட்டர் வேகத்தில் எழுந்து, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவது நல்லது. பல நாள் மூழ்கியவர்கள் 18 மணி நேரமாவது கழியாமல் விமானம் ஏறக்கூடாது. எனவே கடைசி நாளைக் கடலுக்கு ஒதுக்காதீர்கள். தலைநகர் மாலேயில், பவளக் கற்களைச் செதுக்கி 1658இல் கட்டி முடிக்கப்பட்ட வெள்ளிக்கிழமைப் பள்ளியைக் கண்டு வாருங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது, கடலுக்குள் நேரும் விபத்துக்கும் அது பொருந்துமா என்று வினவுங்கள். பல காப்பீடுகள் இதனை விலக்கியிருக்கும்.

தங்குமிடத்தையும் ஆராய்ந்து தேர்ந்தெடுங்கள். முஸ்லிம் நாடேயாயினும், சுற்றுலாவுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட உல்லாசத் தீவுகளில் மது பரிமாறப்படுகிறது. மக்கள் வாழும் தீவுகளிலுள்ள விருந்தினர் இல்லங்களில் அது கிடையாது. ஹலாலான உணவு கிடைக்கும், பாங்கோசையும் கேட்கும். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் நீச்சலுடை கடலில் மூழ்குவோர்க்கு வழக்கமானதே என்பதால் நம் பெண்கள் தயங்க வேண்டியதில்லை. பெண் பயிற்சியாளர் வேண்டுமெனில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தொழுகை நேரத்தைக் கருத்திற்கொண்டு படகு புறப்படும் வேளையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பொதுவாக மழை குறைவு. கடலும் அமைதியாக இருக்கும்.

மடல் எழுதிய தாய்க்கு மீண்டும் ஒரு சொல். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மருத்துவர் வேண்டாமென்று சொன்னாலும் பயணம் வீணாகிவிடாது. முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் அணிந்து, ஆழமற்ற நீரின் மேல் மிதந்தபடியே பவளத்தையும் வண்ண மீன்களையும் இருவரும் சேர்ந்து காணலாம். அதற்கும் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளட்டும். இன்ஹேலரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், நலமாய்ச் சென்று நலமாய்த் திரும்பட்டும். அடுத்த இதழில் சந்திப்போம்.