இண்டியானாபோலிசில் நான்காம் இடம்

தேவராப் படகுத்துறைக்கு அருகில் குடியிருக்கும் சங்க அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்ற வாரம் போயிருந்தேன். அவர் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மகன் கொச்சியிலேயே பிறந்தவன், பொறியியல் பயில்கிறான். உணவு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும், தந்தை மகனைப் பற்றி என்னிடம் வழக்குரைக்கத் தொடங்கினார்.

"நம்ம ஊர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் அமெரிக்காவிலே போய்ப் பெரிய கார்ப் பந்தயத்திலே நாலாவதாக வந்தான் என்று சொன்னேன், ஐயா. இவன் சிரிக்கிறான்."

"மாமா, அன்றைக்கு ஓடியதே ஆறு கார்தான். அப்பா அதை மட்டும் சொல்லமாட்டார். வகுப்பில் சொன்னால் என்னைத்தான் கேலி செய்வார்கள்" என்றான் மகன்.

இருவர் சொல்வதும் உண்மையே. வழக்குத் தீராமல் எழுந்து வந்தேன். ஆயினும் அந்த 2005ஆம் ஆண்டுக் கதை மனத்தை விட்டு அகலவில்லை; ஆகவே இம்மாதம் நேயர்களின் முன் அதையே வைக்கிறேன்.

இண்டியானாபோலிஸ் நகரத்துப் பந்தயப் பாதை 1909இல் அமைக்கப்பட்டது. இரண்டரை மைல் நீளமுள்ள நீள்வட்டம். ஒரு காலத்தில் முழுவதும் செங்கல் பாவியிருந்த அப்பாதையில், இன்று முடிவுக்கோட்டருகே மட்டும் ஒரு கெஜ அகலத்திற்குச் செங்கலை விட்டுவைத்திருக்கிறார்கள். மூடப்படாத சக்கரங்களையும் ஒற்றை இருக்கையையும் உடைய வண்டிகள், ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில், அவ்வட்டத்தை 200 முறை சுற்றி 500 மைல் ஓடும். இடப்புறம் திரும்புவதைத் தவிர அங்கு வேறு வேலையில்லை என்று எண்ணுவோர் உண்டு. யானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். வளைவுகளில் தரை ஒன்பது பாகை சாய்ந்திருக்கும். அச்சாய்வில் வேகம் குறையாமல் பாயும் வண்டி பக்கவாட்டில் இழுக்கப்படுவதோடு கீழ்நோக்கியும் அழுத்தப்படுகிறது. அவ்வளவு பாரத்தையும் டயரின் பக்கச் சுவரே தாங்கவேண்டும். நாள்தோறும் ரப்பர் விலையைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும் கொச்சிவாசிகளாகிய நமக்கு, அந்த ரப்பர் படும் பாடு தெரிவதில்லை.

2005 மே 29ஆம் நாள் நடந்த 500 மைல் பந்தயத்தில் ஆங்கிலேயரான டான் வெல்டன் வென்றார். 1966இல் கிரஹாம் ஹில் வென்றதற்குப் பின் இங்கிலாந்துக்காரர் ஒருவர் அங்கு வென்றது அப்போதுதான். அவ்வாண்டின் தொடர் முழுமைக்குமான பட்டமும் அவருக்கே கிடைத்தது. ஆயினும் மக்கள் பேசியது, அப்பந்தயத்தில் முதன்முறை ஓடி, 19 சுற்றுகள் முன்னணியில் நின்று, நான்காவதாக வந்த டானிகா பாட்ரிக் என்னும் பெண்மணியைப் பற்றியே. அவருக்கு முன் எந்தப் பெண்ணும் அங்கு ஒரு சுற்றும் முன்னணியில் ஓடியதில்லை.

மூன்று வாரம் கழித்து, அதே இடத்திற்கு ஃபார்முலா ஒன் வண்டிகள் வந்தன. அவற்றுக்கென வட்டத்தின் நடுவே வளைந்து செல்லும் தனிப்பாதை இருந்தது. ஆனால் நீள்வட்டத்தின் சாய்ந்த வளைவு ஒன்றும் அதில் சேர்ந்திருந்தது. அதனை அவ்வண்டிகள் எதிர்த்திசையில், வலப்புறமாகத் திரும்பிக் கடந்தன. ஜூன் 17, வெள்ளிக்கிழமைப் பயிற்சியின்போது அவ்வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடப்புறப் பின்டயர் சிதைந்து, வண்டி சுவரில் மோதியது. ஆராய்ந்து பார்த்த மிஷலின் நிறுவனத்தார், வளைவில் வேகத்தைக் குறைக்க வழி செய்தாலன்றித் தம் டயர்கள் பாதுகாப்பானவை என்று உறுதி கூற இயலாது எனத் தம் ஏழு அணிகளுக்கும் தெரிவித்தனர். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக்கூடாது என்பது அவ்வாண்டு விதி. தடையொன்று அமைத்து வேகத்தைக் குறைக்கலாம் என்ற யோசனையை ஆட்சிக்குழு ஏற்கவில்லை. சரியான டயருடன் வந்தவர்களுக்கு அது அநீதியாகும் என்றது. மற்றை மூன்று அணிகளின் டயர் பிரிட்ஜ்ஸ்டோன். அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள்தாம் மே மாதம் அதே தரையில் 500 மைல் ஓடியவை. பட்டறிவு என்பது இதுதான் போலும்.

ஜூன் 19, ஞாயிறு. இருபது வண்டிகளும் அணிவகுப்புச் சுற்றுக்குப் புறப்பட்டன. சுற்று முடியும் தறுவாயில் பதினான்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டகைக்குள் திரும்பிவிட்டன. எஞ்சியவை ஆறு. பணம் கொடுத்து வந்தவர்கள் கூச்சலிட்டனர். பாதையில் புட்டிகளும் வீசப்பட்டன. மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம், பாரிசெல்லோ இரண்டாமிடம், ஜோர்டான் அணியின் மொந்தெய்ரோ மூன்றாமிடம். அவருடைய அணித்தோழர் நரேன் கார்த்திகேயன் நான்காமிடம், ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற்புள்ளிகள் அவையே.

திரும்பிச் சென்றவர்களைக் கோழைகள் என்று யான் சொல்லமாட்டேன். வட்டப்பாதை எத்தகையது என்பதற்குச் சான்று வேண்டுமெனில், அம்மே மாதத்து வீரரான டான் வெல்டனே 2011இல் லாஸ் வேகாஸ் நகரத்து வட்டப்பாதையில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். அவர்கள் செய்தது சரி. எனினும் கார்த்திகேயனின் புள்ளிகள் இரவல் அல்ல. காலியான நாற்காலியில் போய் அமர்வது வேறு. இகழும் கூட்டத்தின் நடுவே, அதே வளைவை 72 முறை கடந்து, பழுதின்றி வண்டியைக் கொண்டுசேர்ப்பது வேறு. ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: வெற்றிபெற்ற வண்டிக்கு ஒரு சுற்றுப் பின்தங்கியே அவர் முடித்தார், வேறெந்தப் பந்தயத்திலும் அவருக்கு ஃபார்முலா ஒன் புள்ளி கிடைக்கவில்லை.

பையனின் கேள்விக்கு விடை 2010இல் இருக்கிறது என்பது என் கருத்து. 33ஆம் வயதில், தம் பழைய வண்டியை விட்டு, அமெரிக்காவின் நாஸ்கார் பிக்அப் வண்டித் தொடரில் சேர்ந்தார் கார்த்திகேயன். மூடிய சக்கரம், கனத்த உடல், பழகாத வட்டப்பாதை, உரசி இடித்துச் செல்லும் முறை. மார்ச் மாதம், வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில்லில் முதற்பந்தயம். அரைமைலுக்குச் சற்றே கூடிய குறுகிய வட்டத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள், எவரும் விலகிக்கொள்ளவில்லை. அவர் பதின்மூன்றாவதாக வந்தார். அத்தொடரில் அவர் வென்ற பந்தயம் ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டிறுதியில், ரசிகர்களின் வாக்கால் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவிலிருந்து போன வாக்குகளும் அதில் கலந்திருக்கக்கூடும். இருக்கட்டுமே!

இவ்வளவும் எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்புமுன் நேற்று மாலை அவ்வீட்டிற்குச் சென்று படித்துக் காட்டினேன். மகன் அமைதியாகக் கேட்டிருந்து, "அப்படியானால் வகுப்பில் அந்தப் பதின்மூன்றாம் இடத்தைச் சொல்கிறேன், மாமா" என்றான்.

தந்தைக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "நாலையும் சேர்த்தே சொல்லடா" என்றார்.